சபையில் ஓடும் பஸ்

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் சும்மா ஓய்வுபெற்றுவிட முடியாது. மாத முடிவில் மாலை உண்டு, சால்வை உண்டு, கண்ணாடி போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு வாழ்த்துப்பா உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் எழுதியது நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், வரிகளை மடக்காமல் கவிதை எழுதுபவள், கேட்டால் மறுக்கத் தெரியாதவள். வேறென்ன தகுதி வேண்டும்? பக்கத்து நாற்காலிக்காரரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதவரைப் 'பகை அறியாப் பண்பாளர்' என்று எழுதியிருக்கிறேன். நைட் ஷிஃப்டைத் தூங்கியே கழித்தவரைக் 'கண் துஞ்சாக் கடமை வீரர்' என்று எழுதியபோது அவர் மனைவியே சிரித்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில் பீரோ, கட்டில், மிக்ஸியோடு என் பொய்களும் லாரி ஏறி நாமக்கல்லுக்கும் விருதுநகருக்கும் போய்விடும். எத்தனையோ ஊர்களின் ஹால்களில் நான் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஓர் ஆணியில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அந்த உதவியாளர் வந்தார். எங்கள் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் உதவியாளர். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். துண்டின் நிறத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம், எதைப் போட்டாலும் அந்தத் தோளுக்குப் பொருந்தும். உறுப்பினருக்குப் போக்குவரத்து மானியக் கோரிக்கையில் பேச இடம் கிடைத்திருக்கிறதாம். கொஞ்ச நேரம்தான், ஆனால் சபை அதிர வேண்டுமாம். என்ன கேட்கப் போகிறார் என்று விசாரித்தேன். கேட்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாழ்த்து எழுதுங்கள் என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடம் இருந்தது என்று சொல்வதுதான் சரி.

என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் அம்மா அவர். குள்ளஞ்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஊர். காண்ட்ராக்ட் ஆள். முன்பு சுரங்கத்தில், மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற பெல்ட்டோரம் சிந்துகிற மண்ணை வாரிக்கொண்டிருந்தார். இப்போது கேன்டீனில் இட்லித் தட்டு. முதல் ஷிஃப்டுக்காரர்கள் வந்து உட்காரும்போது இட்லி வெந்திருக்க வேண்டுமென்றால் வேக வைப்பவர் எப்போது வந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கென்றே குள்ளஞ்சாவடியிலிருந்து நகரியத்துக்கு ஒரு விடிகாலை டவுன் பஸ் இருந்தது. ஊரடங்கில் நின்றது. அப்புறம் கடை திறந்தது, கோயில் திறந்தது, டாஸ்மாக் எல்லாவற்றுக்கும் முன்னால் திறந்தது. பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. ரத்து என்று யாரும் சொல்லவுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான். மிஞ்சியது ஷேர் ஆட்டோ. அது நிரம்பி வழிந்தால்தான் நகரும், விடிகாலையில் நிரம்புவதற்குள் நேரமாகிவிடும். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இரண்டு தடவை பொறுத்தார். இன்னொரு தடவை லேட்டானால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். பெர்மனென்ட் ஆள் லேட்டானால் லீவு கழியும். காண்ட்ராக்ட் ஆள் லேட்டானால் ஆளே கழிந்துபோகும்.

ஆகவே பேச்சின் முதல் வரியிலேயே பஸ்ஸை நிறுத்தினேன். உதவியாளர் படித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு வலி வந்தவர் போல மார்பைத் தடவிக்கொண்டார். மரபு என்று ஒன்று இருக்கிறதாம்.

"பந்தியில உட்கார்ந்ததும் மோரை ஊத்துனா எழுந்து போயிடுவாங்க டீச்சர்," என்றார்.

பேரம் நடந்தது. முதலில் தலைமைக்கு வாழ்த்து, உடனே பஸ், அதன் பிறகு அமைச்சரிலிருந்து கொறடா வரை யாரை வேண்டுமானாலும் வாழ்த்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தலைமைக்கு நான் எழுதிய வாழ்த்து ஒரு மூச்சில் முடிகிற வாழ்த்து. சூரியனைக் கூப்பிட்டேன், மழையைக் கூப்பிட்டேன், நிலத்துக்கடியில் காத்திருக்கும் கரிய நெருப்பு என்று எங்கள் ஊர்ச் சரக்கையும் ஒரு கை போட்டேன். கூலியாக இரண்டு கேலரி பாஸ் கிடைத்தது.

அக்காவும் வருகிறேன் என்றார். எனக்கு ஆச்சரியம். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஷிஃப்டை மாற்றி, அதற்குப் பதில் இரண்டு நாள் செய்து தருவதாகச் சொல்லி, நல்ல புடவையை எடுத்து வைத்துவிட்டார். "எம் பஸ்ஸ அங்க சொல்றத எங் காதால கேக்கணும் டீச்சர்," என்றார். முந்தின நாளே புறப்பட்டுத் தாம்பரத்தில் என் தங்கை வீட்டில் தங்கினோம்.

கோட்டை வாசலில் செல்போனை வாங்கிக்கொண்டார்கள். அக்கா மடியில் வைத்திருந்த புளிசோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள். என் பேனாவையும் வாங்கிக்கொண்டார்கள். சட்டம் செய்கிற இடத்தில் பேனா ஆபத்தான பொருள், நியாயம்தான். கேலரிக்குப் போகிற வழியில் ஒருவர் விதிமுறை சொன்னார்: கால்மேல் கால் போடக்கூடாது, கைதட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது, தூங்கக்கூடாது. உள்ளே போய்க் கீழே எட்டிப் பார்த்ததும், கடைசி விதி மேலே உட்காருபவர்களுக்கு மட்டும்தான் என்பது விளங்கிற்று.

காலைக் காட்சி கேள்வி நேரம். கேட்டவர் கேட்டதற்கு வேறொன்றைப் பதிலாகச் சொன்னார்கள். பதில் கேட்டவர் அதற்கு நன்றி சொல்லி வேறொன்றைக் கேட்டார். பிறகு எதிர்வரிசை எழுந்தது. கைகள் உயர்ந்தன, ஒருவருக்கும் கேட்காதபடி எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள், பிறகு வெளிநடப்பு. கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, யாரோ ஏதோ சொல்ல, மறுபடி எழுந்து போனார்கள். அக்கா என் காதருகே குனிந்து, ஷிஃப்டு மாத்திக்கினு வராங்களா என்று கேட்டார். இல்லை, இரண்டும் ஒரே ஷிஃப்டுதான் என்றேன்.

அந்த இடைவெளியில்தான் சட்டம் செய்தார்கள்.

எங்கள் ஊரில் பெல்ட் ஓடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஓடும். காற்றடிக்கும் திசையைப் பொறுத்து எங்கள் குவார்ட்டர்ஸ் படுக்கையறைகளுக்குள்ளும் அதன் முனகல் கேட்கும். தன் முதுகில் ஏறியிருப்பது மண்ணா, பழுப்பு நிலக்கரியா என்று பெல்ட் திரும்பிப் பார்த்ததில்லை. கொட்டுவார்கள், கொண்டுபோகும். அந்த மண்டபத்தில் நான் அதன் தம்பியைப் பார்த்தேன். ஒரு சட்டமுன்வடிவின் பெயர் வாசிக்கப்படும். பெயர் நீளமாக இருக்கும், அந்த நீளத்தில்தான் நேரம் போகும். ஏற்போர் ஆம் என்க. ஆம். மறுப்போர் இல்லை என்க. மறுப்போர் கேன்டீனில். ஆம் என்போரே அதிகம். நிறைவேறியது. அடுத்தது. சந்தைகளைப் பற்றி ஒன்று போயிற்று, பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒன்று, வரியைப் பற்றி ஒன்று. ஓர் உறுப்பினர் அவைத்தலைவர் கேட்பதற்கு முன்பே ஆம் என்று சொல்லிவிட்டு, கொட்டாவியை முடித்துக்கொண்டார். இன்னொருவர் ஆம் சொன்ன பிறகு பக்கத்திலிருப்பவரிடம் எதற்கு என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள்.

இப்ப இன்னா பண்ணாங்க என்று அக்கா கேட்டார். சட்டம் போட்டார்கள் என்றேன். எப்ப என்றார். நீங்கள் முந்தானையைச் சரிசெய்தபோது என்றேன். அவர் கீழே பார்த்தபடியே, இவ்வளவு சுளுவா போடறவங்க ஒரு பஸ்ஸ வுட மாட்டாங்களா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நொடியில் அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கி, யார் யாரோ பேசி, எங்கள் உறுப்பினர் எழுந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. என் சூரியன் வந்தது, தட்டினார்கள். என் மழை வந்தது, தட்டினார்கள். கரிய நெருப்புக்கு வந்த தட்டலில் மேசை பிளந்துவிடுமோ என்றிருந்தது. பொய் சொல்லக்கூடாது, உள்ளுக்குள் எனக்கு இனித்தது. புத்தகம் போட்டபோதுகூட எவனும் இப்படித் தட்டியதில்லை. அக்கா என் தொடையைக் கிள்ளி, அடுத்து நம்பளுதா என்றார். ஆமாம், அடுத்து பஸ் என்றேன்.

அடுத்து பஸ் வரவில்லை. தலைமையின் தகப்பனார் வந்தார். அவருக்குப் பிறகு தலைமையின் இளமைப் பருவம் வந்தது. துறை அமைச்சர் வந்தார், அவரைத் தேர்ந்தெடுத்த தலைமை மறுபடி வந்தது, மாவட்டப் பொறுப்பாளர் வந்தார், கொறடா வந்தார், 'இந்த ஒலிவாங்கியை எனக்கு ஈந்த' என்று அவைத்தலைவர் வந்தார். எதுவும் என் எழுத்தில்லை. எதுகை இடித்த இடிப்பிலேயே தெரிந்தது, உதவியாளர் ராத்திரியெல்லாம் உழைத்திருக்கிறார். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். சோறு வருவதற்குள் மணி அடித்தது.

நேரம் முடிந்தது என்கிற மணி. உறுப்பினர் அவசரமாகத் தாளைப் புரட்டினார்.

என் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றார்.

இதை விளக்க வேண்டும். சுரங்கத்தில் பெல்ட் ஓடத் தொடங்கும் முன்னால் இதே மாதிரி ஒரு மணி அடிப்பார்கள். அது கேட்டதும் பெல்ட்டோரம் வேலை செய்பவர்கள் மண்வாரியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் நகராவிட்டால் இழுத்துக்கொண்டு நகர வேண்டும். யோசித்து நகர்கிறவருக்குக் கை மிஞ்சாது. ஆகவே காதிலிருந்து காலுக்கு நேராகப் போகிற மாதிரி அதைப் பழக்கிவிடுவார்கள். அக்கா பெல்ட்டை விட்டு வந்து எவ்வளவோ காலமாயிற்று. மணி கேட்டது, கால் எழுந்தது. எழுந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வரிசையில் கல்லூரிப் பையன்களின் முழங்கால்மேல் ஏறினார். "நவுருங்க, நவுருங்க," என்றார், அப்படிச் சத்தமாகக்கூட இல்லை.

சட்டமன்றத்தில் அதுவரை எந்த மணிக்கும் ஒருவரும் நகர்ந்ததில்லை போலிருக்கிறது. பெண் காவலர் ஒருவர் வேகமாக வந்தார். கோஷம் போட வந்தியா என்று கேட்டார்.

"இல்லீங்க, மணி அடிச்சிதுங்க," என்றார் அக்கா.

அந்த விளக்கம் எடுபடவில்லை. கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். படியில் திரும்பி அக்கா என்னைப் பார்த்து, நீங்க இருங்க என்று கையைக் காட்டினார். எங்களில் ஒருத்தியாவது கேட்க வேண்டுமே. இருந்தேன்.

கீழே மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. உறுப்பினரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பஸ்ஸைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். உதட்டைப் பார்த்தால் குள்ளஞ்சாவடி மாதிரி இருந்தது. அவைத்தலைவர், மீதியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பேசியதாகக் கருதப்படும் என்றார். உறுப்பினர் நிம்மதியாக உட்கார்ந்தார். பேசாததைப் பேசியதாகக் கருதிக்கொள்ள ஒரு வழி உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடமாகத் தொண்டை வற்றப் பாடம் நடத்தி என்ன கண்டேன்?

அமைச்சர் பதிலுரைக்கு எழுந்தபோது எல்லா உறுப்பினர்களுக்கும் சேர்த்து அடுக்கி வைத்திருந்தார். வரிசையில் எங்களுடையதும் வந்தது. உறுப்பினர் எழுப்பியதாகக் கருதப்பட்ட கோரிக்கையைப் பொறுத்தவரை, குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலி நகரியத்துக்கு விடியற்காலைப் பேருந்து ஏற்கெனவே இயக்கப்பட்டு வருகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டார். ரத்து என்று யாரும் எழுதவில்லை அல்லவா? எழுதப்படாதவரை அது ஓடும். டீசல் இல்லாமல், டிரைவர் இல்லாமல், தாளின்மேல் தினமும் விடியலில் புறப்பட்டு நேரத்துக்குச் சேர்ந்துவிடும். பேசாத பேச்சுக்கு ஓடாத பஸ் பதில். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எங்கள் உறுப்பினர் எல்லோரையும்விட நன்றாகத் தட்டினார்.

வெளியே ஒரு மர நிழலில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போன பெண் காவலரே தண்ணீர் பாட்டிலும் புளிசோற்றுப் பொட்டலமும் கொடுத்திருந்தார். இருவரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் எந்த ரயிலைப் பிடித்து வேலைக்கு வருகிறார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சேர்வதற்குள் உதவியாளர் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். எத்தனை தட்டல் என்று கவனித்தீர்களா டீச்சர் என்றார். அக்கா என்னைத்தான் பார்த்தார். சொன்னாரா என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்வதற்கு நீளமான வாக்கியங்கள் தேவைப்பட்டன. அக்கா கையில் ஒட்டியிருந்த பருக்கையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உதவியாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடிக்கினு இருக்குதுங்களா? அப்ப நானும் நேரத்துக்கு வந்துகினு இருக்கேன்னு எங்க சூப்பர்வைசரு கிட்ட ஒரு வார்த்தை சொல்ல சொல்லுங்க உங்க ஐயாவ."

அவர் சிரித்தார், நல்ல நகைச்சுவை என்று. ஐயாவின் அடுத்த பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார்.

ஒரு வாரம் போயிருக்கும். வடலூருக்கு முன்னால் ஷேர் ஆட்டோ பஞ்சர். அக்கா கேன்டீன் வாசலை அடைந்தபோது இட்லித் தட்டில் வேறு கை இருந்தது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, பேப்பர் படிக்கிறவர். விடியற்காலைப் பேருந்து ஓடுகிறது என்று அமைச்சர் சொன்னதை எங்கள் பக்கத்துப் பதிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் பஸ் இல்லீங்க என்று ஒரு காரணமாவது சொல்லலாம். இப்போது அதுவும் இல்லை. பஸ்தான் ஓடுதுன்னு சபையிலயே சொல்லிட்டாங்களே, அப்புறம் லேட்டுக்கு இன்னா சாக்கு என்று கேட்டிருக்கிறார். மாநிலமே மேசையைத் தட்டி ஒப்புக்கொண்ட பஸ்ஸை ஒரு காண்ட்ராக்ட் பெண் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கேள்விப்பட்டு நான் கொதித்தேன். மனு எழுதுகிறேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன், உறுப்பினர் வீட்டு வாசலில் போய் உட்காருகிறேன் என்று நகரியத்தின் ரவுண்டானாக்களை ஸ்கூட்டியில் சுற்றிச் சுற்றி வந்தேன். வருடக்கணக்கில் அடுத்தவர் பணிநிறைவுக்கு வாழ்த்து எழுதிய கைக்கு ஒரு திட்டு எழுத வரவில்லை. எழுதியதெல்லாம் வாழ்த்து மாதிரியே இருந்தது.

அக்கா கொதிக்கவில்லை. இட்லிதான் கொதித்தது. குள்ளஞ்சாவடிக் கூட்டுரோட்டில், பஸ் வராத அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு தள்ளுவண்டியில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டார். விடிகாலையில் ஷேர் ஆட்டோ நிரம்புவதற்காகக் காத்து நிற்கிற காண்ட்ராக்ட் பெண்கள், கொத்தனார்கள், நர்ஸ் பெண் ஒருத்தி, எல்லோருக்கும் பசி. நிற்கிற நேரம் நீளமான நேரம். வியாபாரம் பரவாயில்லையாம்.

போன தை மாதம் கடலூரில் ஒரு முகூர்த்தம். விடிவதற்கு முன்பே கிளம்பி, வழியில் அந்த வண்டியிடம் இறங்கினேன். தட்டை நீட்டிக்கொண்டே அக்கா எச்சரித்தார், மறுபடி மனு கினு என்று எதையும் எழுதி வைத்துவிட வேண்டாம் என்று. பஸ் வந்துட்டா எங்கிட்ட நின்னு யாரு துன்னுவாங்க என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்னிக் கரண்டியைப் பிடித்திருந்த பிடியில் சிரிப்பு இல்லை.

அப்போதுதான் அந்தக் கார் வந்து நின்றது. அதே முகூர்த்தத்துக்குத்தான் போலும். உறுப்பினர் இறங்கினார், பின்னாலேயே உதவியாளர். டீச்சரா, வாங்க வாங்க என்று உறுப்பினர் என்னை என் ஊர் ரோட்டிலேயே வரவேற்றார். நின்றபடியே இட்லி சாப்பிட்டார், நல்லெண்ணெய் மணக்க மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கினார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய வாய்ப்புமில்லை, இவர் பேசிக்கொண்டிருந்தபோது அவரை வெளியே அனுப்பிவிட்டார்களே. வண்டியைச் சுற்றி டிபன் பையோடு நிற்கும் பெண்களைப் பார்த்ததும் அவருக்குள் மக்கள் பிரதிநிதி விழித்துக்கொண்டார். இந்தத் தடத்தில் விடிகாலை பஸ் ஒன்று நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேனே, சரியாக வருகிறதா, வராவிட்டால் சொல்லுங்கள், இந்தக் கூட்டத்தொடரில் முதல் வரியே அதுதான் என்றார்.

முதல் வரி. நான் வாயைத் திறந்தேன்.

"பஸ்ஸு ஓடிக்கினு இருக்குதுங்க ஐயா," என்றார் அக்கா, அவர் தட்டில் இன்னும் இரண்டு இட்லியை வைத்து.

அவருக்கு முகம் மலர்ந்தது. உதவியாளர் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலத் தலையாட்டினார். கார் போயிற்று. பின்னால், இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று ஷேர் ஆட்டோக்காரர் ரோட்டைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். காத்து நின்ற பெண்களில் ஒருத்தி, கேன்டீனில் அக்காவின் இட்லித் தட்டில் இப்போது வேலை செய்கிறவள், அக்காவை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். பிறகு காலித் தட்டை நீட்டினாள்.

"எனக்கும் ரெண்டு வையிக்கா. எப்படியும் நேரமாவும்."